ஒரே பேரிங், மூன்று கிரீஸ்

எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கும் பக்கெட்டுகளில் ஒன்றைக்கூட நாங்கள் கடையில் வாங்கியதில்லை. எல்லாம் கிரீஸ் வந்த பக்கெட்டுகள். ஓசூர் மத்திகிரியில் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கும் எந்த வாடகை வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். கம்பெனியில் காலியாகும் பக்கெட்டைக் கேட்டு வாங்கி வந்து, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பக்கெட்டின் நிறத்தை வைத்தே அந்த வீட்டுக்காரர் எந்தக் கம்பெனிக்குப் போகிறார் என்று நான் சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டில் மூன்று நிறப் பக்கெட்டுகள் இருந்தன, ஏனென்றால் ஆம்பளைகள் மூன்று பேர்.

பக்கெட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. கழுவுவதற்கு முன்னால் அடியில் ஒட்டியிருக்கும் கிரீஸை ஒரு பொட்டுகூட விடாமல் வழித்து எடுத்து வைப்பார்கள். பாயசச் சட்டியைக்கூட யாரும் அப்படி வழித்து நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் மோட்டார் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறார். அவருடைய கிரீஸ் நீல நிறம், பாலியூரியா என்கிற வகை. கொழுந்தன் பைக்குக்கு உதிரிபாகம் செய்கிற இடத்தில் இருக்கிறான். அவனுடையது சிவப்பு, லித்தியம் வகை. மாமனார் இரும்பு உருக்குகிற ஃபவுண்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடையது பழுப்பு, ஏதோ களிமண் சேர்த்துச் செய்ததாம், எந்தச் சூட்டுக்கும் உருகாதாம். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் கழித்தும் பழைய சிநேகிதர்கள் மூலமாக அவருக்கு அந்தக் கிரீஸ் வந்துகொண்டே இருந்தது.

மற்ற வீடுகளில் சாப்பிடும்போது கட்சி பேசுவார்கள், சினிமா பேசுவார்கள். எங்கள் வீட்டில் கிரீஸ் பேசுவார்கள். "உன் கிரீஸ் மழைத் தண்ணி பட்டா நிக்குமாடா?" என்று மாமனார் ஆரம்பிப்பார். "உங்க கிரீஸ் ஸ்பீடு தாங்குமாப்பா?" என்று கொழுந்தன் திருப்பிக் கேட்பான். என் வீட்டுக்காரர் எல்லாம் தெரிந்தவர் மாதிரி சிரித்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரு தடவை எங்க பிளான்ட்டுக்கு வந்து பாருங்க," என்பார். குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு நாதி கிடையாது. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். அந்தப் பேச்சை ஒரு நாளும் நான் முழுசாகக் கேட்டதில்லை.

நானும் கம்பெனிக்குப் போனவள்தான். செல்போன் பாகம் கோக்கிற இடத்தில் கான்ட்ராக்டில் இருந்தேன். கான்ட்ராக்ட் முடிந்ததும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். வீட்டில் சும்மா இருக்க எனக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது. தளி ரோட்டில் மூடிப்போன ஒரு மெஸ்ஸில் இருந்து அவர்களுடைய பெரிய கிரைண்டரை வாங்கி வந்து, முன்னறையில் வைத்து, இட்லி மாவு ஆட்டி விற்க ஆரம்பித்தேன். ஷிஃப்ட் முடிந்து வருகிற பிள்ளைகளும், நாலு பேராக ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பிள்ளைகளும் வாங்கிப் போவார்கள். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் ஊரில் இருந்து சொந்தக்காரர் யாராவது வந்து, உங்க மருமக என்ன பண்றா என்று கேட்டால், "வீட்லதான் இருக்கா, சும்மா மாவு ஆட்டிக்குனு," என்று மாமனார் பதில் சொல்வார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த 'சும்மா' மட்டும் எனக்கு ஜீரணமாகவில்லை.

அப்போதுதான் சூளகிரிப் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனியின் கேண்டீனுக்குத் தினமும் மாவு வேண்டும் என்று, என்னிடம் வாங்குகிற ஒரு பெண் சொன்னாள். மாதிரிக்குக் கொஞ்சம் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் கேண்டீன் சூப்பர்வைசர் அம்மாவே போன் செய்தார். ஆனேக்கல் பக்கத்துக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார்.

"மாவு சென்னாகிதெ. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி நான் வந்து உங்க மிஷினைப் பாக்கணும். கிரீஸ் ஒழுகற மிஷினா இருந்தா மட்டும் ஆகாதும்மா. அதுல நான் ரொம்ப நொந்து போயிருக்கேன்."

எதற்கு நொந்து போனார் என்று நான் கேட்கவில்லை. ஆயுதபூஜை கழித்து வருகிற திங்கட்கிழமை காலையில் வருவதாகச் சொன்னார். இந்த ஆர்டர் கிடைத்துவிட்டால் நானும் தினமும் ஒரு கம்பெனிக்குப் போகிறவள்தான். வீட்டில் இருக்கிறாள், சும்மா இருக்கிறாள் என்ற பேச்சுக்கே அப்புறம் இடம் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரிடமும் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா கிரீஸ் பற்றிச் சொன்னதையும் வாய் சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தேன்.

மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார்கள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆயுதபூஜை அன்று ஓசூரில் ஓடுகிற பொருள் எதுவும் அழுக்காக இருக்காது. நான் கிரைண்டரைக் கழுவித் துடைத்து, கல்லுக்கும் டிரம்முக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூ சுற்றி, பொரி கடலை படைத்தேன். என் வேலை அத்தோடு முடிந்தது. டிரம்முக்கு அடியில் அது சுற்றுவதற்குப் பேரிங் இருக்கிறது, அதற்குக் கிரீஸ் ஏற்ற ஒரு சின்ன மூக்கு இருக்கிறது. அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. நான் பூக்கடைக்குப் போன நேரத்தில் என் வீட்டுக்காரர் நீலத்தை ஏற்றியிருக்கிறார். அவர் பைக் கழுவப் போன நேரத்தில் கொழுந்தன் சிவப்பை ஏற்றியிருக்கிறான். எல்லாரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது மாமனார் பழுப்பை ஏற்றியிருக்கிறார். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆர்டர் கிடைத்த பிறகு, என் கிரீஸால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று ஆளாளுக்கு மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார்கள்.

பூஜைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல உளுந்து போட்டு ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் டிரம்முக்கு அடியில் இருந்து சொட்டுச் சொட்டாக என்னமோ விழுந்தது. காபி கொட்டிவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். கிரீஸ். கிரீஸ் என்றால் கெட்டியாக இல்லை, நல்லெண்ணெய் மாதிரி தண்ணியாக ஓடி, டைல்ஸ் இடுக்கு வழியாக வாசல் வரைக்கும் போயிருந்தது. மாவுக்குள் அது போக வழியே இல்லை, பேரிங் டிரம்முக்கு வெளியே இருக்கிறது. ஆனால் பார்க்க வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

சுவிட்சை அணைத்துவிட்டு மூன்று பேரையும் கூப்பிட்டேன்.

என் வீட்டுக்காரர் விரலால் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சிவப்பா இருக்கு பாரு. தம்பியோட கிரீஸ்தான் உருகி ஓடுது."

"அது சிவப்பு இல்லண்ணா, பழுப்பு. அப்பாவுது," என்றான் கொழுந்தன்.

"என் கிரீஸ் ஃபர்னஸ் வாசல்ல நின்னதுடா. இந்தக் கிரைண்டர் சூட்டுக்கா அது ஒழுகும்? ஓரத்துல நீலம் தெரியுது, கண்ணைத் தொறந்து பாரு," என்றார் மாமனார்.

"அப்போ மூணு பேரும் போட்டிருக்கீங்க," என்றேன் நான்.

கொழுந்தன் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தான். நான் கதவைச் சாத்தினேன்.

அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுத முடியாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். மாமனார் என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எடுத்து மடித்து, மறுபடியும் போட்டுக்கொண்டு நின்றார். ஆனாலும் பாருங்கள், அவ்வளவு திட்டு வாங்கிய பிறகும் மூன்று பேருக்கும் தன் கிரீஸ் மேல் சந்தேகம் வரவில்லை. மற்ற இரண்டில் எது மட்டம் என்பதில்தான் சண்டை.

இதை முடிக்காமல் வேலை நடக்காது என்று எனக்குத் தோன்றியது. நாலு டிபன் பாக்ஸ் மூடிகளை எடுத்தேன். மூன்றில் ஆளுக்கு ஒரு கிரீஸாகத் தனித்தனியே வைத்தேன். நாலாவதில் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மருதாணி குழைக்கிற மாதிரி குச்சியால் குழைத்தேன். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதன் மேல் தட்டைக் கவிழ்த்து, நாலு மூடியையும் வரிசையாக வைத்தேன். மூன்று ஆம்பளைகளும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அந்த மூன்று பேரும் சேர்ந்து என் அடுப்பங்கரைக்குள் நின்றது அன்றைக்குத்தான்.

சூடு ஏறிய பிறகு துணியால் பிடித்து ஒவ்வொரு மூடியாகச் சாய்த்தேன். நீலம் அசையவில்லை. சிவப்பு அசையவில்லை. பழுப்பு அசையவே இல்லை, மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார். நாலாவதைச் சாய்த்ததும், எலுமிச்சம்பழம் பிழிந்த பால் மாதிரி திரிந்துபோய் வழிந்தது.

"மூணும் நல்ல கிரீஸ்தான். சேராத கிரீஸ்," என்றேன்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "எங்க ஷாப் சுவத்துல ஒரு சார்ட் ஒட்டியிருக்கு. எதோட எது சேரும், எது சேராதுன்னு கட்டம் போட்டு."

"எங்க லைன்லயும் இருக்கு," என்றான் கொழுந்தன்.

"எங்க காலத்துலயே இருந்தது. ஒரு கிரீஸ் போட்டிருக்கற எடத்துல வேற கிரீஸ் வெச்சா மெமோ குடுப்பாங்க," என்றார் மாமனார்.

நான் மூடியைக் கீழே வைத்தேன். "தினம் அந்தச் சார்ட்டைப் பாத்துக்குனு போறீங்க, வர்றீங்க. அப்புறம் ஏங்க இங்க இப்படிப் பண்ணீங்க?"

என் வீட்டுக்காரர் நிஜமாகவே குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். "அது மிஷினுக்கும்மா. இது கிரைண்டர்."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மூன்று பேருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. கம்பெனியில் இருப்பது மிஷின். அதற்குச் சார்ட் உண்டு, ஷெட்யூல் உண்டு, கிரீஸ் போட்டால் கையெழுத்து உண்டு. வீட்டில் இருப்பது கிரைண்டர். அதற்கு ஆசைப்பட்டவர்கள் ஆசைப்பட்டதைப் போடலாம். மெஸ்ஸில் அத்தனை வருஷம் ஓடி, என் வீட்டில் விடிகாலையில் இருந்து ஓடுகிற அந்த மோட்டாரும் பெல்ட்டும் பேரிங்கும் பூஜை சாமான் கணக்கில் இருந்திருக்கின்றன. திட்டுவதற்கு என்னிடம் வார்த்தை மிச்சமில்லை. "பிரிங்க," என்று மட்டும் சொன்னேன்.

பிரித்தார்கள். டிரம்மை இறக்கி, பேரிங்கைக் கழற்றி, பக்கத்து வீட்டு டிராக்டருக்கு வைத்திருந்த டீசலில் கொஞ்சம் கேட்டு வாங்கி, பழைய கிரீஸ் ஒரு துளிகூட இல்லாமல் கழுவினார்கள். மாமனாரின் பழைய வேட்டியைக் கிழித்துத் துடைத்தார்கள். இந்த வேலையில் மூன்று பேரையும் குறை சொல்ல முடியாது. பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றிக் காதருகே கொண்டுபோய்ச் சத்தம் கேட்கிற அழகைப் பார்த்தால், டாக்டர் தோற்றார். ஆனால் திரும்பப் பூட்டுகிற நேரம் வந்ததும், எந்தக் கிரீஸ் என்று மறுபடி ஆரம்பித்தார்கள். அப்பா பிள்ளை, அண்ணன் தம்பி என்ற உறவெல்லாம் போய்விட்டது.

"டப்பாவைக் கொண்டாங்க," என்றேன்.

என் வீட்டுக்காரர் நீலத்தை ஒரு ஊறுகாய் பாட்டிலில் வைத்திருந்தார். உள்ளே கடுகு கிடந்தது. மாமனாரின் டப்பாவில், பூஜையன்று அதற்கும் விபூதி தூவியதால், மேலாக ஒரு அடுக்கு விபூதி இருந்தது. கொழுந்தன் மட்டும் மூடி இறுக்கமாக இருக்கிற டப்பாவில், மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருந்தான். சிவப்பைப் போடச் சொன்னேன். காலையில் அவனுக்குத்தான் அதிகத் திட்டு விழுந்திருந்தது. அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே, நிச்சயதார்த்தத்தன்றுகூட அவன் அப்படிச் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாமனார் காபி வேண்டாம் என்றார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் அம்மா சொன்ன நேரத்துக்கு வரவில்லை. சானமாவுக் காட்டில் யானை ரோட்டைத் தாண்டுகிறது, வண்டியெல்லாம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று போன் வந்தது. அந்த நேரத்தில் நான் டிரம்முக்கு அடியில் எத்தனை தடவை துடைத்தேன் என்று எனக்கே தெரியாது. மாமனார் ஒரு சட்டை போட்டு, பிடிக்காமல் வேறு சட்டை போட்டார். மற்ற இரண்டு பேரும் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். வேண்டாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஒருவழியாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தண்ணீர் எங்கே பிடிக்கிறேன், அரிசி எதில் ஊற வைக்கிறேன் என்று எல்லாம் பார்த்தார். பிறகு கைப்பையில் இருந்து வெள்ளைக் காகிதம் ஒன்றை எடுத்து, குனிந்து, டிரம்முக்கு நேர் கீழே விரித்தார்.

"ஓட்டுங்கம்மா. மாவு ஆகற வரைக்கும் நிறுத்தாதீங்க."

உளுந்தைப் போட்டு ஓட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தையே பார்த்தார். நாங்கள் நாலு பேரும் அதையேதான் பார்த்தோம். தண்ணீர் தெளிக்கிற என் கை வழுக்கியது. உளுந்து பொங்கி டிரம் நிறைய வந்த பிறகு, போதும் என்று கை காட்டினார். காகிதத்தை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்படியே மடித்துத் திரும்பக் கைப்பையில் வைத்துவிடலாம், அவ்வளவு வெள்ளையாக இருந்தது.

"இதுக்கு கிரீஸ் யாரு போடறது?" என்று கேட்டார்.

மூன்று பேரும் மூச்சை இழுத்தார்கள். அதற்குள் நான், "நான்தாங்க," என்றேன். மூன்று மூச்சும் மெதுவாக வெளியே போயிற்று.

"ஒரே ஆளு. அதான் சுத்தமா இருக்கு," என்று அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "எங்க கேண்டீன்லயும் இதே மாதிரி பெரிய கிரைண்டர் இருந்ததும்மா. புதுசு. மூணு ஷிஃப்ட்டு, ஷிஃப்ட்டுக்கு ஒரு மெயின்டனன்ஸ் ஆளு. ஒவ்வொருத்தனும் வந்து நல்லா கிரீஸ் போடறான், ஒருத்தன் டப்பா வெள்ளை, ஒருத்தன் டப்பா பச்சை. எவ்ளோ போட்டாலும் ஒழுகுது. அவ்ளோ இன்ஜினியர் இருக்கற எடத்துல, ஏன் ஒழுகுதுன்னு யாருக்கும் கொத்தில்லா, தெரியலை. கடைசியில ஓரங்கட்டிட்டு, மாவை வெளியில வாங்கிக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். அதான் உங்ககிட்ட வந்தேன்."

என் ஆர்டர் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. கொஞ்சம் டீசல், ஒரு பழைய வேட்டி, ஒரே ஒரு டப்பா கிரீஸ் இருந்தால் அவர்களுடைய கிரைண்டர் இன்றைக்கே ஓடும். ஓடினால் என் மாவு யாருக்கு வேண்டும்?

நான் திரும்பி மூன்று பேரையும் பார்த்தேன். மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. பிறந்ததில் இருந்து யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்கள். முன்பின் தெரியாத பஸ் டிரைவரிடம்கூடக் கிரீஸ் பேசுகிறவர்கள். இப்போது ஒரு கம்பெனி ஆளே வீடு தேடி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தெரியவில்லை என்று சொல்கிறார்.

அதோடு விடவில்லை அந்த அம்மா. மாமனாரைப் பார்த்து, "நீங்கள்லாம் கம்பெனியில இருந்தவங்கதானே? எதனால ஒழுகும்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா ஐயா?" என்றார்.

மாமனார் வாயைத் திறந்தார். அவர் என்னைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை முழுசாகத் துடைத்தார். பிறகு, "நான் ஃபவுண்டரிங்க. எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க," என்றார்.

அந்த அம்மா கொழுந்தனைப் பார்த்தார். அவன் செல்போனில் ஏதோ அவசரம் மாதிரி குனிந்துகொண்டான். காது இரண்டும் அவனுடைய கிரீஸ் நிறத்தில் இருந்தன. கடைசியாக என் வீட்டுக்காரர். அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. "மிஷின் பழசாயிருக்கும் மேடம்," என்றார். புதுசு என்று இப்போதுதானே சொன்னார்கள் என்று அந்த அம்மா யோசிப்பதற்குள், நான் நேற்றைய மாவில் அவித்து வைத்திருந்த இட்லி ரெண்டைச் சுடச்சுடத் தட்டில் வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

சாப்பிட்டார், இன்னும் ஒன்று கேட்டு வாங்கினார். அடுத்த வாரத்தில் இருந்து மாவு கொண்டுவரச் சொன்னார். கேட் பாஸுக்கு ஒரு போட்டோ வேண்டும் என்றார். வாசல் வரைக்கும் நாலு பேரும் போய் வழியனுப்பினோம். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிச் சத்தம் அடங்கும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

அடங்கியதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். வெள்ளையும் பச்சையும் என்ன வகையாக இருக்கும், எதில் எது கலந்திருக்கும், முதல் ஷிஃப்ட்காரன் போட்டதைக் கழுவாமல் இரண்டாவது ஆள் போட்டானா என்று ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து பேசினார்கள். அத்தனை நேரம் எனக்காக அடக்கி வைத்திருந்தது எல்லாம் கொட்டியது. என் வீட்டுக்காரருக்குக் குரலே கம்மிப்போயிற்று.

மாவை எடுத்து வைக்க வேண்டும், கல்லைக் கழுவ வேண்டும், வேலை தலைக்கு மேல் கிடந்தது. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன்.

"பாலியூரியான்னா என்னங்க?" என்று கேட்டேன்.

மூன்று பேரும் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரை சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை.